எதிரில் நின்றும் பார்க்காதவள்

கண்ணு,

உனக்கு வந்த சம்மன் எனக்கும் வந்துவிட்டது. திண்டிவனம் கோர்ட்டில் இரண்டு பேரும் ஒரே நாளில் சாட்சி சொல்ல வேண்டுமாம். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னிடம் "ம்", "சரி", "சாப்ட்டியா", "அப்புறம் பேசுறேன்" என்பதைத் தாண்டுவதில்லை. உன் பெரியம்மாவிடம் எவ்வளவு நேரம் பேசுகிறாய் என்பது எனக்குத் தெரியும். அவளே கூப்பிட்டுச் சொல்கிறாள். "இப்பதாம்மா வெச்சான், பேசிக்கினே இருந்தான், எனக்கு காதே சுட்டுப்போச்சி" என்கிறாள். வேறு சங்கதி எதுவும் இருக்காது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுவாள். நானும் "அப்டியாக்கா, நல்லது" என்று சொல்லிவிட்டு வைப்பேன். அதற்குப் பிறகு அன்றைக்கு நான் வைக்கிற எந்தக் குழம்பிலும் உப்பு சரியாக இருக்காது. சந்தேகம் என்றால் உன் அப்பாவைக் கேள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். களத்தில் மல்லாட்டை, உங்கள் சென்னையில் சொல்கிற வேர்க்கடலை, காய்கிறது. காக்கா ஓட்ட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான். எழுத நேரம் நிறைய இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டேரிப்பட்டில் உன் பெரியம்மா கழுத்திலிருந்து தாலிச் செயினை அறுத்துக்கொண்டு போனவன் இங்கே இருக்கிறானா என்று அரசு வக்கீல் உன்னைக் கேட்பார். நீ கூண்டில் நிற்கிற அந்த மரக்காணம் பக்கத்துப் பையனைக் கைகாட்டி "இவன்தான்" என்று சொல்லப் போகிறாய். சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போவான். பெரியம்மா போன வாய்தாவிலேயே சொல்லிவிட்டாள். இனி உன் வாய்ச்சொல்தான் பாக்கி, அதோடு கேஸ் முடிந்தது என்று அப்பா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். நீ அப்படிச் சொல்லக் கூடாது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அவன் திருடவில்லை என்று சொல்லச் சொல்லவில்லை. அவன் திருடினானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உனக்குத் தெரியாது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியாமல் எழுதவில்லை. உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "உனக்கு அண்ணிய புடிக்காது. அவங்க குடுத்த கேஸு தோத்துப்போவணும்னு பாக்குற. வேற ஒன்னும் இல்ல" என்றார். நான் மறுக்கவில்லை. பிடிக்காதுதான். பொறாமைதான். இத்தனை வருஷம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்த சொல், எழுதும்போது சுலபமாக வந்துவிட்டது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, திண்டிவனத்தில் நல்ல பள்ளிக்கூடம், பெரியப்பாவுக்கு அங்கேயே வேலை. ஆறாவதில் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டது நான்தான். யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. தானே கொடுத்துவிட்டு அப்புறம் வயிறெரிவது அசிங்கம் என்று தெரியும். தெரிந்துமே எரிந்தது. சனிக்கிழமை திருவாமாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்குவாய், தலையில் அவள் வைத்த எண்ணெய் மின்னும். "பெரியம்மா ரசத்துல பூண்ட நசுக்கி போடுவாங்கம்மா" என்று ஒருநாள் சொன்னாய். அடுத்த வாரம் நானும் நசுக்கிப் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது வேற மாதிரி இருக்கு" என்றாய். அந்த ரசத்தை நான் மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். நீ கவனிக்கவில்லை.

நீ திண்டிவனம் போவதற்கு முன்னாலேயே இந்த நெருப்பு பற்றிக்கொண்டது. நீ மூன்றாவது படிக்கிறாய். மயிலம் மலையில் உனக்கு மொட்டை வேண்டுதல். கிருத்திகைக் கூட்டம், மலை முழுக்கச் சந்தனம் தடவிய தலைகள். குளிக்க வைத்து உன்னை விட்டுவிட்டுத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தால் காணோம். பதறிக்கொண்டு ஓடி, நீதான் என்று நினைத்து ஒரு நீலச் சட்டைப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். பிள்ளை கத்தியது. யாரோ ஒருத்தி வந்து, "ஏம்மா, எம்புள்ளய எங்க தூக்கிக்கினு போற?" என்று பிடுங்கிக்கொண்டாள். அதே நேரத்தில் உன் பெரியம்மா கூட்டத்துக்குள் நேராக நடந்துபோய் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் இருந்த நம் சனம் எல்லாம் சிரித்தது. "பெத்தவளுக்கு அடையாளம் தெரியல, பெரியம்மாவுக்கு தெரியுது பாரு" என்றார்கள். நான் அன்றைக்குச் செத்துப் பிழைத்தேன்.

இப்போது உண்மையைக் கேள். உன் நீலச் சட்டை நனைந்துவிட்டது என்று அவள் கடையில் ஒரு ஆரஞ்சுச் சட்டை வாங்கி உனக்கு மாட்டியிருந்தாள். எனக்கு அது தெரியாது. நான் நீலத்தைத் தேடினேன், அவள் ஆரஞ்சைத் தேடினாள். இரண்டு பேரும் உன் முகத்தைத் தேடவில்லை. மொட்டை அடித்த தலையில் முகம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது, பெற்றவளுக்கே ஆகிவிடுகிறது. அதைச் சொல்ல வாயைத் திறந்தால், தோற்றவள் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். அன்றையிலிருந்து "அவங்க ஒருவாட்டி பாத்தா மறக்கமாட்டாங்க" என்ற பேர் உன் பெரியம்மாவுக்கு வந்துவிட்டது. கல்யாண வீட்டில் யார் யாருடைய மச்சான் என்று அவளைத்தான் கேட்பார்கள். அவளும் சொல்வாள். பாதி தப்பாக இருக்கும். தப்பை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன் கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறேன். முதல் பத்திரிகையை மயிலம் முருகன் காலடியில் வைக்கத்தான் அன்றைக்குப் போனோம். அதுவும் கிருத்திகை, அதே கூட்டம். நீ திண்டிவனம் போய்ப் பெரியம்மாவை பைக்கில் வைத்துக்கொண்டு வந்தாய். நானும் அப்பாவும் விழுப்புரத்திலிருந்து பஸ். பூஜை முடிந்து வெளியே வந்ததும், தட்டில் பத்திரிகையோடு எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம் என்றாய். பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் உன் போனைக் கொடுத்தாய். புதுசாக மொட்டை அடித்திருந்தான். தலையில் சந்தனம் காயவில்லை. நல்ல சிரித்த முகம். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யக்கா, நீங்க கொஞ்சம் ஓரமா தள்ளிக்கோங்க. மாப்ளையோட அம்மா நடுவுல வரட்டும்" என்று சொல்லி, உன் பெரியம்மாவைக் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டான்.

யாரும் அவனைத் திருத்தவில்லை. அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா, "அய்யய்யோ, நான் இல்லப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சிரித்துக்கொண்டே நடுவில் வந்து நின்றாள், தட்டையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நீ, "ஜல்தி எடுப்பா" என்றாய். அந்தப் போட்டோவைத்தான் நீ சட்டம் போட்டு உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாய். நான் ஓரத்தில், பாதித் தோளோடு நிற்பேன். அதைப் பார்க்க வேண்டுமே என்றுதான் உன் வீட்டுக்கு வர எனக்குக் கால் வருவதில்லை. உன் பெண்டாட்டி, "அத்த வரவே மாட்டேன்றாங்க" என்று குறைப்படுகிறாளாமே, காரணம் இதுதான். அவளிடம் சொல்லிவிடு, அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆச்சரியம்தான், ஆனால் இல்லை.

மலையிலிருந்து இறங்கியதும் அப்பா பெருமுக்கலில் இருக்கிற கூட்டாளிக்குப் பத்திரிகை வைக்க வேறு பஸ் ஏறிவிட்டார். நான் ஷேர் ஆட்டோவில் கூட்டேரிப்பட்டு வந்து, விழுப்புரம் போக வேண்டி மரத்தடியில் நின்றேன். நீங்கள் எனக்கு முன்னாலேயே வந்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இளநீர்க் கடையில் பைக்கை நிறுத்தியிருந்தீர்கள். "ம்மா, நீயும் வா, எளநி குடி" என்று கூப்பிட்டாய். "வாணாம், பஸ்ஸு வந்துக்கினு இருக்கு" என்றேன். பஸ் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில்தான் அந்த பைக் வந்தது. ஓட்டியவன் ஒருத்தனாம், பின்னால் உட்கார்ந்து இழுத்தவன் ஒருத்தனாம். பெரியம்மா அலறினாள். கழுத்தில் ரத்தம். அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அவள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு உன் கல்யாணத்துக்கு வந்தாள், வந்தவர்கள் எல்லாரும் முதலில் அவள் கழுத்தைத்தான் விசாரித்தார்கள். அது அவளுக்கு நேர்ந்த கொடுமை. அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது என்று மட்டும் நினைத்துவிடாதே. அவள் அழுதபோது நானும் நிஜமாகவே அழுதேன்.

போலீஸ் ஸ்டேஷனில் என்னையும் கேட்டார்கள். "எதிர்லதான நின்னிங்க? நேரா பாத்திருப்பிங்களே" என்றார் எழுதுகிறவர். "பாக்கலைங்க" என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார், திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்திக்கொண்டு நிற்கிறது. வெளியே வந்து, "பெரியம்மாவுக்குன்னா மட்டும் உனக்கு கண்ணு தெரியாதா?" என்று கேட்டாய். நம் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுக் குறைந்தது அன்றையிலிருந்துதான். ஏன் பார்க்கவில்லை என்று நான் அங்கே சொல்லவில்லை. கடைசியில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

இழுத்தவன் மொட்டைத் தலை, சந்தனம் பூசியிருந்தான் என்று பெரியம்மா சொன்னாள். நீயும் அதையே சொன்னாய். போலீஸ் மலைக் கோயில் கேமராவில் அன்றைக்கு வந்த மொட்டைகளை எல்லாம் படமாக எடுத்து வந்து, போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு படத்தில் பெரியம்மா கையை வைத்து நிறுத்தினாள். அவள் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இவன நான் பாத்திருக்கேன். நல்லா பாத்திருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். போலீஸ்காரர், "இவன்தானாம்மா?" என்று கேட்டார். "ஆமா, இவன்தான்" என்றாள். எழுதும்போது முதல் வார்த்தை விட்டுப்போய் இரண்டாவது மட்டும் ஏறியது. நீ அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆமா சார், இதே ஆளுதான்" என்றாய். உன் பெரியம்மா தப்பாகச் சொல்லுவாள் என்று உனக்குக் கனவில்கூடத் தோன்றாதே.

அப்புறம் ஜெயிலில் அடையாள அணிவகுப்பு நடந்தது. மாஜிஸ்திரேட் வரிசையாக ஆட்களை நிறுத்தி, நீங்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் ஆளைத் தொட்டுக் காட்டினீர்கள். வந்ததும் பெரியம்மா, "ஒரு செகண்டு கூட ஆவல, டக்குனு தொட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். நீயும் சொன்னாய், யோசிக்காமல் சொன்னாய்: "அதுல ஒருத்தனுக்குத்தாம்மா முடி அப்பதான் முளைச்சிக்கினு இருந்துச்சி, மத்தவனுங்க எல்லாம் தலை நெறைய முடி." கண்ணு, நீ இன்ஜினியரிங் படித்தவன். உன் வாயால் நீ சொன்னதை நீயே ஒருமுறை கேட்டுப் பார். போனில் படத்தைக் காட்டிவிட்டு, மொட்டை என்று நீ சொன்ன பிறகு, முளைத்துக்கொண்டிருக்கிற தலை ஒன்றை மட்டும் வரிசையில் வைத்தால், சந்தைக்குப் போகிற எவனும் அவனைத்தான் தொடுவான். போன வாய்தாவில் பெரியம்மா கோர்ட்டில் கைகாட்டினாள் என்றாளே, அங்கே கூண்டில் நின்றது அவன் ஒருத்தன்தான். வேறு யாரைக் காட்டுவாள்?

இதெல்லாம் அப்போதே எனக்குத் தோன்றியதா என்றால், இல்லை. எனக்கும் அவன் திருடன்தான். பெரியம்மா சாட்சி சொன்ன அன்று நானும் அவளுக்குத் துணையாகப் போனேன். சாட்சி என்பதால் என்னை உள்ளே விடவில்லை, கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கேஸை இன்னும் கூப்பிடவில்லை, பெரியம்மா அரசு வக்கீலைப் பார்க்கப் போயிருந்தாள். பக்கத்தில் மீன்கூடை சுமந்து காய்ப்புப் பிடித்த கையோடு ஒரு அம்மா, அவள் தோளில் சாய்ந்துகொண்டு ஒரு பையன். தலை நிறைய முடி, சீவியிருந்தான். யாரோ என்று நினைத்தேன். ஜாமீனில் வந்திருக்கிற அதே பையன் என்று சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன்தான் என்னை உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு, "யக்கா, நீங்க மயிலத்துல போட்டோவுல ஓரமா நின்னவங்கதான? நான்தான உங்கள தள்ளி நிக்க சொன்னேன்?" என்றான். அவன் அம்மா, "டேய், சும்மா இருடா, அவங்க எதிர்க்கட்சி, வக்கீல் திட்டப்போறாரு" என்று அவன் வாயைப் பொத்தினாள். அவன் விடவில்லை. "அன்னிக்கு உங்க மூஞ்சி சுருங்கிப்போச்சி. அப்புறந்தான் யோசிச்சேன், இவங்கதான் அம்மாவோன்னு. திரும்பி வந்து கேக்கலாம்னு பாத்தேன், நீங்க எறங்கி போய்ட்டிங்க" என்றான்.

நடுவில் நின்ற உங்கள் எல்லாருக்கும் தெரியாத ஒன்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. என் முகம் சுருங்கியது. அதை எந்தப் போலீஸும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. போட்டோ எடுத்தவனைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. அப்போதுதான் புரிந்தது, பெரியம்மா "நல்லா பாத்திருக்கேன்" என்று சொன்னது பொய் இல்லை. நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள், மலை மேல், போனுக்குப் பின்னால். பார்த்த முகம் மனசில் இருந்தது, எங்கே பார்த்தோம் என்பது கழன்றுபோய்விட்டது. கழன்ற இடத்தில் கூட்டேரிப்பட்டு வந்து ஒட்டிக்கொண்டது. உனக்கும் அப்படித்தான். அவனிடம் செயினும் கிடைக்கவில்லை, வண்டி ஓட்டியவனும் கிடைக்கவில்லை.

பெரியம்மாவிடம் அன்று பஸ்ஸிலேயே கேட்டுப் பார்த்தேன். "யக்கா, மயிலத்துல நம்மள போட்டோ எடுத்தானே, அந்தப் பையன் மாதிரி இல்ல?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "அவன் வேற. எனக்கு தெரியாதா? என் கழுத்து அறுந்துச்சி, உன் கழுத்தா அறுந்துச்சி? கேஸ பேஜாரு பண்ணாத" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "எம்புள்ளயும்தான பாத்தான்" என்றாள். எம்புள்ள என்றாள், கண்ணு. ஆக அவள் உன்னை நம்பிச் சொல்கிறாள், நீ அவளை நம்பிச் சொல்கிறாய். உங்கள் பாசத்துக்கு நடுவில் ஒருத்தன் மாட்டிக்கொண்டான்.

எனக்கு நேர்மை இருக்கிறது என்று காட்ட இதை எழுதவில்லை. வராந்தாவில் அந்த மீன்கார அம்மா தூக்குச் சட்டியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து அவன் கையில் வைத்தாள். இத்தனை பெரிய பிள்ளை, கேஸ், கோர்ட், சுற்றிலும் போலீஸ். அவன் கூச்சப்படாமல் வாங்கித் தின்றான். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பொறாமை. மகன் ஜெயிலுக்குப் போகப்போகிற தாயைப் பார்த்துப் பொறாமை. என் பிள்ளைக்குச் சென்னையில் வேலை, நல்ல சம்பளம், நல்ல பெண்டாட்டி, என் கையால் ஒரு வாய் வாங்கித் தின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஸ்டேஷன்ல கையெழுத்து போட போவணும்னு இவன் கடலுக்கே போறதில்லம்மா. போட்டுக்காரங்க வேற ஆள வெச்சிக்கினாங்க" என்று அவள் சொன்னது அப்புறம்தான் என் காதில் ஏறியது. உன் அம்மா இவ்வளவுதான்.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. பொய் சொல்கிறவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது, குறுக்கே கேட்டால் உளறிவிடுவான். நீ உளற மாட்டாய். கண்ணை மூடினால் உனக்கு அந்த முகம் தெரிகிறது, சந்தனம் தெரிகிறது, எல்லாம் தெரிகிறது. இனிமேல் உன் சம்சாரத்திலும் இப்படி எத்தனையோ வரும். நீ இப்படிச் சொன்னாய், நீ அப்படிப் பார்த்தாய் என்று இரண்டு பேரும் அடித்துச் சொல்லும் நாள் வரும். அப்போதெல்லாம் பார்த்தது எது, பார்த்ததாக நினைத்துக்கொண்டது எது என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுப் பேசு. வீட்டுக்குள் தப்பாகச் சொன்னால் ஒரு வேளைச் சாப்பாடு ஆறிப்போகும், அவ்வளவுதான்.

சரி, நான் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டாயே. மரத்தடியில் நின்றுகொண்டு நான் ரோட்டைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். இளநீர் உன் தாடையில் வழிந்தது. பெரியம்மா முந்தானையை எடுத்து உன் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னாள், நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டது, நான் திரும்பவில்லை. அவள் அலறினாள். நீ இளநீரைப் போட்டுவிட்டு அவள் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாய். உன் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. உன் கண் அவள் கழுத்தை விட்டு ஒரு கணம்கூட நகரவில்லை. வண்டி போன பக்கம் நீ திரும்பும்போது நானே ரோட்டைத் தாண்டி உன் பக்கத்தில் வந்துவிட்டேன். அங்கே புழுதிதான் இருந்தது. அவளும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். மொட்டையும் சந்தனமும் அவள் கண்ணில் பட்டிருக்கலாம், ஆனால் திருடன் முகத்தை நாம் மூன்று பேரில் யாருமே பார்க்கவில்லை. என் கண்ணையும் நம்பாதே என்று நீ சொல்லலாம், நீலச் சட்டையைத் தூக்கிய கண்தானே. ஆனால் அன்றைக்கு என் வயிறு எரிந்துகொண்டிருந்தது. எரிகிறபோது கண் வேறெங்கும் போகாது. உன் கண் எங்கே இருந்தது என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி.

முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்களாம். நேரில் நின்றும் ஏனம்மா பார்க்கவில்லை என்று கேட்பார்கள். ஸ்டேஷனில் மூடிய வாயைக் கோர்ட்டில் திறக்கப் போகிறேன். என் ஓர்ப்படி மேல் பொறாமை ஐயா, அவள் என் பிள்ளை முகத்தைத் துடைத்துவிட்டாள், நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வேன். நான் சொல்லச் சொல்ல ஒருத்தி அதை டைப் அடிப்பாள். சாட்சி சொல்லி முடித்துவிட்டதால் பெரியம்மாவும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். உன் மாமனார் ஊரும் அந்தப் பக்கம்தான், சாயங்காலத்துக்குள் சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போய்விடும், சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உன் மகன் திருடனைப் பார்த்தானா என்று கேட்டால், பார்க்கவில்லை என்று சொல்வேன். அதையும் டைப் அடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் நீ உள்ளே வருவாய்.

கூண்டில் ஏறியதும் பழக்கதோஷத்தில் உன் கண் பெரியம்மாவைத் தேடும். தேடாதே. என்னையும் பார்க்காதே, இதை எழுத எனக்கு மனசே இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எதிரில் நிற்கிற அந்தப் பையனைப் பார். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார். பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று சொல்.

அம்மா